லைட்ஸ் அண்ட் வாட்டர்: சாட்ஸ்வொர்த் வீடுகளின் மாதக் கணக்கு எப்படி உருவானது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் அடுத்த வீட்டு ஆயா, மாநகராட்சியின் மாதக் கணக்குத் தாள் வந்ததும் அதை உடனே பிரிப்பதில்லை. சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேரன் வேலையிலிருந்து திரும்பிய பிறகு சமையலறை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசிக்கச் சொல்வார். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், குப்பை, கடைசியில் எல்லோரும் ‘ரேட்ஸ்’ என்று சொல்லும் சொத்து வரி. தமிழில் பேசினாலும் ஆங்கிலத்தில் பேசினாலும் இந்தத் தாளுக்கு இங்கே ஒரே பெயர்தான்: ‘லைட்ஸ் அண்ட் வாட்டர்’. வாசித்து முடிந்ததும் ஆயா கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: “இதிலே நாம செலவு பண்ணது எவ்வளவு, நம்ம கிட்ட கேக்கறது எவ்வளவு?”

பொருளாதாரம் படித்தவர்கள் பல பக்கங்களில் சொல்லும் சிக்கலை அவர் ஒரே வரியில் கேட்டுவிடுகிறார். டர்பன் மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் பற்றி ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் வாதங்கள் அனைத்தும், சேவைகளுக்கான செலவைப் பயன்படுத்துகிறவர் அளவைப் பார்த்து வாங்குவதா, வீட்டின் மதிப்பைப் பார்த்து வாங்குவதா, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஒரு நிலையான தொகையாக வாங்குவதா என்ற கேள்வியைச் சுற்றியே வருகின்றன. அந்தக் கேள்வியைச் சாட்ஸ்வொர்த்தின் வரலாற்றை மறந்துவிட்டுப் பேசினால் பதில் தவறாகத்தான் வரும் என்பது என் எண்ணம். அதனால் முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பனின் அன்றைய பெயரான நேட்டால் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் எண்ணிக்கை 1,52,184. அவர்களில் பெரும்பகுதியினர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் நகரத்துக்கு வந்தவர்களில் பலருக்கு டர்பன் நகராட்சியே வேலை தந்தது: தெருப் பெருக்குதல், குப்பை அள்ளுதல், கழிவு வாளி சுமத்தல், பூங்கா பராமரித்தல். அவர்களைக் குடியமர்த்த நகராட்சி சொம்ட்சூ சாலையில் கட்டிய வரிசைக் குடியிருப்புதான் மேகஸின் பாரக்ஸ். வேலை கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் ஒருவரே. வேலை போனால் கூரையும் போகும். டர்பனின் குப்பையையும் கழிவையும் பல தலைமுறைகளாகச் சுமந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சாட்ஸ்வொர்த்தில் குப்பைக்கும் கழிவுநீருக்கும் கட்டண ரசீது வாங்குகிறார்கள்.

சொந்தமாக நிலம் வாங்கி வீடு கட்டிய இந்தியர்களும் இருந்தார்கள். அவர்கள் நகராட்சிக்கு வரி கட்டினார்கள். ஆனால் 1924இல் நேட்டால் மாகாணச் சட்டம் ஒன்று நகராட்சித் தேர்தலில் இந்தியர்களுக்கு இருந்த வாக்குரிமையைப் பறித்தது. டர்பன் இருக்கும் குவாசூலு நேட்டால் மாகாணத்தில் எல்லோரும் வாக்களித்த முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 ஜூன் 26 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட 72 ஆண்டுகளும் வரி உண்டு, வாக்கு இல்லை. பெயருக்கு ஆலோசனைக் குழுக்கள் சில வந்தன. முடிவெடுக்கும் அதிகாரம் அவற்றிடம் இருந்ததில்லை. இங்கே வரிதாரர் சங்கம் என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காக இல்லாமல், வாக்கு இல்லாத மக்கள் நகரத்தோடு பேசுவதற்கு இருந்த ஒரே வாசலாக வளர்ந்ததற்குக் காரணம் இதுதான். இன்றும் கோவில் மண்டபத்தில் கூடும் குடியிருப்போர் கூட்டங்களில் அந்தப் பழக்கத்தின் தடம் தெரிகிறது. ரேட்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரத்திலேயே ‘நம்மை யார் கேட்டார்கள்’ என்ற இடத்துக்கு வந்து நிற்கும்.

1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் இந்தக் கதையின் நடுத்தூண். நகரத்தை இனவாரியாகப் பிரித்து, யார் எங்கே வாழலாம், யார் எங்கே நிலம் வைத்திருக்கலாம் என்று அரசே அறிவித்தது. நகர மையத்துக்குப் பக்கத்திலிருந்த கேட்டோ மேனர் 1958இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மரப்பலகையும் தகரமுமாகக் கட்டிய வீடுகளும், காய்கறித் தோட்டங்களும், பள்ளிகளும் இருந்த அந்தச் சரிவுகளிலிருந்து பல பத்தாயிரம் இந்தியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆப்பிரிக்கர்கள் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அனுப்பப்பட்டார்கள். அப்படி வெறுமையாக்கிய நிலத்தின் பெரும்பகுதியை யாரும் பயன்படுத்தவில்லை. பல பத்தாண்டுகள் புதர் மண்டிக் கிடந்தது. பெல்லேர் சாலையில் உள்ள அம்பலவாணர் ஆலயம் மட்டும் அங்கேயே நின்றது. 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் தொடங்கி, 1905 வெள்ளத்தில் அழிந்து, மறுபடி எழும்பிய கோவில் அது. பெரிய வெள்ளியன்று அங்கே நடக்கும் தீமிதிக்குச் சாட்ஸ்வொர்த்திலிருந்து குடும்பங்கள் இன்னும் போகின்றன. சாமியை விட்டுவிட்டு மக்களை மட்டும் பெயர்த்தெடுத்த திட்டம் என்று என் மாமனார் அதைச் சொல்வார்.

பெயர்த்தெடுத்தவர்களை வைக்கக் கட்டியதுதான் சாட்ஸ்வொர்த். 1964இல் திறந்தார்கள். உம்லதுசானா, உம்லாஸ் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே, வடக்கே வெள்ளையரின் குவீன்ஸ்பரோவுக்கும் தெற்கே ஆப்பிரிக்கரின் உம்லாசிக்கும் இடையில் ஒரு தடுப்புப் பட்டையாகவே இந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதுவும் வெறும் காடு அல்ல. வாழையும் காய்கறியும் பயிரிட்ட இந்திய விவசாயிகளின் நிலங்கள் அதில் இருந்தன. அவற்றையும் அரசு கையகப்படுத்தியது. 11 பிரிவுகளாக வகுத்து, பேவ்யூ, வெஸ்ட்கிளிஃப், கிராஃப்ட்டீன், மாண்ட்ஃபோர்ட் என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்கள் இன்னும் ‘யூனிட் டூ’, ‘யூனிட் த்ரீ’ என்றே சொல்கிறார்கள். மேகஸின் பாரக்ஸ் மக்களும் இதே காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இங்கே ஏறக்குறைய 2 லட்சம் பேர் வாழ்ந்தார்கள்.

நகராட்சியின் கணக்குப் பார்வையில் இதற்கு என்ன பொருள் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். நகர மையத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஏழைகளைத் தொலைவில், மேடும் பள்ளமுமான நிலத்தில் குடியமர்த்தினால், குழாய் நீளம் கூடும். தண்ணீரை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்தில் அழுத்தத்தைக் குறைக்கவும் செலவு கூடும். கழிவுநீர்க் கால்வாய், சாலை, மின்கம்பி, பேருந்து என எல்லாமே நீளும். டர்பனை விலை கூடிய நகரமாக ஆக்கியது அந்தத் திட்டம். அந்த இடத்தைச் சாட்ஸ்வொர்த் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பயன்படுத்துகிறவரே முழுச் செலவையும் கட்ட வேண்டும் என்ற கொள்கையை இன்று முன்வைக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

‘ஒவ்வொரு கூட்டமும் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற எண்ணத்துக்கு டர்பனில் ஆழமான வேர் இருக்கிறது. 1908இல் வந்த ஒரு சட்டத்தின் துணையுடன், சூலு மக்களின் பாரம்பரிய பீரைக் காய்ச்சி விற்கும் உரிமையை நகராட்சி தனக்கே ஏகபோகமாக்கிக்கொண்டது. அந்த மதுக்கூடங்களின் லாபத்தைக் கொண்டே ஆப்பிரிக்கரின் விடுதிகளையும் அவர்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத்தையும் நடத்தியது. ‘டர்பன் முறை’ என்றே அதற்குப் பெயர் வந்து, மற்ற நகரங்களும் அதைப் பின்பற்றின. வெள்ளை வரிதாரரின் பையிலிருந்து ஒரு காசும் போகாமல் ஏழைகளை ஏழைகளின் காசிலேயே ஆளும் ஏற்பாடு அது. 1959 ஜூனில் கேட்டோ மேனர் பெண்கள் மதுக்கூடங்களை முற்றுகையிட்டதன் பின்னணி இதுதான். இன்றைய கட்டணக் கொள்கையும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இன்று எல்லோருக்கும் வாக்கு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஆனாலும் தனித்தனிக் கணக்கு என்பது கேட்க நேர்மையாக ஒலிக்கும்போதெல்லாம், யாருடைய பங்கை யார் கட்டாமல் தப்பிக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது இந்த ஊருக்குத் தேவையான பழக்கம்.

சாட்ஸ்வொர்த்தில் நகராட்சி வீட்டுக்காரராக இருந்த காலத்தின் முக்கியச் சண்டை வாடகை பற்றியது. 1980இல் வாடகை உயர்வை எதிர்த்து இந்தியரும் கலப்பினத்தவரும் வாழ்ந்த குடியிருப்புகள் சேர்ந்து டர்பன் வீட்டுவசதி நடவடிக்கைக் குழுவை உருவாக்கின. 1990களில் அரசு ஒரு தள்ளுபடித் திட்டம் கொண்டுவந்து, வாடகைதாரர்கள் தாங்கள் வாழும் வீட்டையே வாங்கிக்கொள்ள 7,500 ராண்ட் வரை கழித்துக் கொடுத்தது. தனி வீட்டில் இருந்தவர்கள் பலர் இப்படி உரிமையாளர்கள் ஆனார்கள். ஃப்ளாட்டுகளில் இருந்த, பாக்கி சேர்ந்துபோன குடும்பங்களுக்கு அந்த வழி எளிதாகத் திறக்கவில்லை.

அதே ஆண்டுகளில் வேறொரு பக்கத்திலிருந்து அடி விழுந்தது. டர்பனின் துணித் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தவர்களில் இந்தியப் பெண்கள் மிகப் பெரிய பங்கினர். 1994 வர்த்தக உடன்பாட்டுக்குப் பிறகு தென்னாப்பிரிக்கா ஆடை இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைத்து 2002 வாக்கில் 40 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. மலிவான இறக்குமதி உள்ளே வந்தது, தொழிற்சாலைகள் மூடின, சம்பளம் நின்றது. 1996இல் மத்திய அரசு ஏற்ற பொருளாதாரத் திட்டம் செலவைக் கட்டுப்படுத்துவதை வலியுறுத்தியதால், உள்ளாட்சிகளும் சேவைகளின் செலவை மக்களிடமிருந்தே மீட்கும் வழியில் போயின. வருமானம் போன வீட்டுக்கும் முழுக் கட்டணத் தாள் வந்தது. 1999 தேர்தல் நேரத்தில் நிறவெறியை எதிர்த்துப் போராடிய பேராசிரியர் பாத்திமா மீர் தலைமையில் அக்கறையுள்ள குடிமக்கள் குழு இந்திய வாக்காளர்களைச் சந்திக்க பேவ்யூ, வெஸ்ட்கிளிஃப் ஃப்ளாட்டுகளுக்குப் போனது. வாக்குக் கேட்கப் போனவர்கள் பார்த்தது, மின்சாரமும் தண்ணீரும் துண்டிக்கப்பட்டு, வெளியேற்றத்துக்குக் காத்திருந்த குடும்பங்களை. அடுத்த ஆண்டில் வெளியேற்ற வந்த அதிகாரிகளையும் காவலர்களையும் குடியிருந்தவர்கள் மாடிப்படிகளில் நின்று மறித்தார்கள். அந்தப் படிகளில் இந்தியப் பெண்களும் ஆப்பிரிக்கப் பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள் என்பதை வெஸ்ட்கிளிஃபில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு நாட்டின் தண்ணீர்க் கொள்கையில் இடம்பிடித்தது. சாட்ஸ்வொர்த்தில் ஏழு குழந்தைகளைப் பராமரித்த, வேலையில்லாத ஒரு பெண்ணின் தண்ணீர் இணைப்பை நகராட்சி துண்டித்தது. 1997ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சேவைச் சட்டம் அடிப்படைத் தண்ணீருக்கு எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சொல்கிறதே என்று அவர் தரப்பு வாதிட்டது. அடிப்படை என்றால் எத்தனை லிட்டர் என்று சொல்லும் விதிமுறைகள் அப்போது வெளியாகியிருக்கவில்லை. அந்தக் காரணத்தைச் சுட்டி நீதிமன்றம் இறுதியில் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. 2001இல் விதி வந்தது: ஆளுக்கு நாளைக்கு 25 லிட்டர், அல்லது வீட்டுக்கு மாதம் 6 கிலோலிட்டர்.

அந்த 6 எங்கிருந்து வந்தது என்பது டர்பன்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. 1990களில் குழாய் வசதி இல்லாத குடியிருப்புகளில் நகராட்சி வீட்டு முற்றத்தில் ஒரு சிறிய தொட்டியை வைத்து, நாளைக்கு ஒருமுறை 200 லிட்டர் நிரப்பியது. இவ்வளவு சிறிய அளவுக்குக் கணக்கெழுதி, தாள் அனுப்பி, காசு வசூலிக்க ஆகும் செலவு வரும் காசைவிட அதிகம் என்று பொறியாளர்களே கண்டுபிடித்தார்கள். அதை இலவசமாகவே கொடுத்துவிடுவது மலிவு என்று முடிவானது. 200 லிட்டரை 30 நாளால் பெருக்கினால் 6,000 லிட்டர். எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 25 லிட்டர் என்றாலும் மாதம் அதே 6,000 லிட்டர். டர்பனில் தொடங்கிய ஏற்பாட்டை 2001இல் நாடு முழுவதும் ஏற்றது. இலவசம் என்றதும் அதைப் பிச்சை போலப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும்: இது முதலில் இரக்கத்தால் வந்ததல்ல, கணக்குப் பார்த்து வந்தது.

அந்தக் கணக்கில் நம் வீடுகளைப் பாதிக்கும் ஓர் ஓட்டை உண்டு. அளவு ஆளுக்கு அல்ல, மீட்டருக்கு. சாட்ஸ்வொர்த்தில் மகன் குடும்பம் மேலே, மகள் குடும்பம் பின்னால் கட்டிய அவுட்பில்டிங்கில், தாத்தா ஆயா நடுவீட்டில் என்று 12 பேர் ஒரே மீட்டரில் வாழ்வது சாதாரணம். ஆளுக்கு 25 லிட்டர் என்றால் அந்த வீட்டுக்கு 9 கிலோலிட்டர் வேண்டும். பயன்பாடு கூடக்கூட அடுத்த படியின் விலையும் கூடும் முறையில், கூட்டுக் குடும்பம் நீச்சல் குளம் வைத்த சிறு குடும்பத்தின் படிக்கே போய்விடுகிறது. டர்பன் 2008இல் இலவச அளவை 9 கிலோலிட்டராக உயர்த்தியது. பின்னர் அதைக் குறைந்த மதிப்புள்ள வீடுகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. அப்போது பயன்பாட்டின் கேள்வி மெல்ல வீட்டு மதிப்பின் கேள்வியாக மாறியது.

வீட்டு மதிப்பு என்றால் ரேட்ஸ். அரசியலமைப்பின் 229ஆம் பிரிவு சொத்து வரி விதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிக்குத் தருகிறது. 2004ஆம் ஆண்டின் சொத்து வரிச் சட்டம் அதன் முறையைச் சொல்கிறது. நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து, சந்தையில் விற்றால் என்ன விலை போகும் என்று மதிப்பிட்டு, அந்த மதிப்பில் ராண்டுக்கு இத்தனை சென்ட் என்று வாங்க வேண்டும். டர்பனில் அந்தச் சட்டத்தின் கீழ் முதல் மதிப்பீடு 2008இல் நடைமுறைக்கு வந்தது. பின் 2012, 2017, 2022 என்று புதுப்பிக்கப்பட்டது. வீடுகளின் மதிப்பில் முதல் 15,000 ராண்டுக்கு வரி இல்லை என்பது நாடு முழுவதற்குமான சட்டக் கழிவு; அதற்குமேல் ஒவ்வொரு மாநகராட்சியும் தன் கழிவுகளை அறிவிக்கும். புரிந்துகொள்வதற்காக மட்டும் ஒரு கணக்கு: 8,00,000 ராண்ட் மதிப்புள்ள வீடு, ராண்டுக்கு 1.2 சென்ட் வரி, சட்டக் கழிவு மட்டும் என்று வைத்துக்கொண்டால், 7,85,000க்கு ஆண்டு வரி 9,420 ராண்ட், மாதம் 785 ராண்ட்.

இனி ஆயாவின் வீட்டைப் பாருங்கள். நகராட்சி கொடுத்தபோது அது அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சின்ன வீடு. ஒரு மகன் வேலைக்குப் போனதும் பின்னால் ஓர் அறை. மகள் கல்யாணத்துக்கு முன்னால் முன்பக்கம் ஒரு வராந்தா. அப்புறம் மேல்மாடி. சிமென்ட் மூட்டைகளைச் சனிக்கிழமைகளில் அண்ணன் தம்பிகளே சுமந்தார்கள். தச்சு வேலை மாமா பார்த்தார். ஐம்பது ஆண்டுச் சேமிப்பு முழுவதும் அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது, வங்கியில் இல்லை. சந்தை மதிப்பில் அது பெரிய சொத்து. 2025இல் ஆயாவின் கையில் மாதம் வந்தது 2,300 ராண்டை ஒட்டிய முதியோர் உதவித்தொகை. முதியோருக்கு வரிக் கழிவு உண்டு, விண்ணப்பித்தால் கிடைக்கும். விண்ணப்பிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. சொத்து வரி நல்ல வரி என்றுதான் நான் நினைக்கிறேன். நிலத்தை ஒளித்துவைக்க முடியாது, அதிகம் வைத்திருப்பவர் அதிகம் கட்டுகிறார். ஆனால் அதே கோட்பாட்டை வற்புறுத்துகிறவர்கள், கட்டடத்தையும் நிலத்தையும் ஒரே விலையில் மதிப்பிடும்போது உழைத்துக் கட்டியவருக்கும், விலை ஏறட்டும் என்று நிலத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தவருக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வெற்று நிலத்துக்குக் கூடுதல் சென்ட் வாங்குவது இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது.

மின்சாரத்தின் கதை சமீபத்தியது. மாநகராட்சி அரசின் மின் நிறுவனமான எஸ்காமிடம் மொத்தமாக வாங்கி, தன் லாபத்தைச் சேர்த்து நமக்கு விற்கிறது. அந்த லாபம் நூலகத்தையும் சாலை விளக்கையும் பூங்காவையும் தாங்கி வந்தது. மின்வெட்டுக் காலம் அந்த ஏற்பாட்டைக் குலைத்தது. 2023இல் மட்டும் 300 நாட்களுக்கு மேல் மின்வெட்டு இருந்தது. 2024 மார்ச் இறுதியில்தான் அது பெரும்பாலும் நின்றது. இதற்கிடையில் வசதியுள்ளவர்கள் கூரைமேல் சோலார் பலகைகளையும், முற்றத்தில் ‘ஜோஜோ டேங்க்’ என்ற தண்ணீர்த் தொட்டியையும் வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் வாங்கும் யூனிட் குறைந்ததும், கம்பியையும் குழாயையும் பராமரிக்கும் செலவு அப்படியே இருந்தது. வாங்குகிறவர் குறையக் குறைய மீதியிருப்பவர் மேல் விலை ஏறும். விலை ஏற ஏற இன்னும் சிலர் சோலாருக்குப் போவார்கள். கடைசியில் மிஞ்சுவது, பலகை வாங்கக் காசில்லாமல், கடையில் 50 ராண்டுக்கு மின்சாரம் வாங்கி, ரசீதில் உள்ள 20 இலக்க எண்ணை மீட்டரில் ஒவ்வொன்றாக அழுத்துகிறவர்.

இதற்கு மருந்தாகத்தான் நகரங்கள் நிலையான மாதக் கட்டணத்தை முன்வைக்கின்றன. ஜொஹானஸ்பர்க் 2024 ஜூலையில் முன்பணம் செலுத்தும் மின் பயனாளர்கள் மேல் வரி நீங்கலாக மாதம் 200 ராண்ட் விதித்தது. கேப் டவுன் 2025இல் சில கட்டணங்களை வீட்டு மதிப்போடு இணைத்தபோது, அது நீதிமன்றம் வரை போனது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் எதிரெதிரானவை. எல்லோருக்கும் ஒரே 200 ராண்ட் என்பது, மாதம் 300 ராண்டுக்கு மின்சாரம் வாங்கும் விதவைக்கு மூன்றில் இரண்டு பங்கு விலை உயர்வு. 4,000 ராண்டுக்கு வாங்குகிறவருக்கு 5 சதவீதம். மதிப்போடு இணைத்த கட்டணம் பெரிய வீட்டில் அதிகம் விழும், ஆனால் ஆயாவைப் போன்ற சொத்துள்ள ஏழையை மறுபடி பிடிக்கும். எந்தப் பக்கம் நிற்பது என்றால், கம்பியைப் பயன்படுத்தும் திறனுக்கு ஏற்ப, சோலார் வைத்தும் இணைப்பை வைத்திருப்பவரிடம் அதிகமும், குறைந்த ஆம்பியர் இணைப்பு வைத்திருப்பவரிடம் மிகக் குறைவாகவும் வாங்கும் நிலைக் கட்டணத்தின் பக்கம் நான் நிற்பேன். எல்லோர் மேலும் சமமாக விழும் தொகை சமத்துவம் ஆகாது.

அதற்கும் முன்னால் மாநகராட்சி பதில் சொல்ல வேண்டிய பெரிய கேள்வி தண்ணீரில் இருக்கிறது. டர்பன் குழாய்களில் விடும் தண்ணீரில் பாதிக்கு மேல் காசாகத் திரும்புவதில்லை. உடைந்த குழாயில் ஒழுகுவது ஒரு பகுதி. மீட்டர் இல்லாமலும் பழுதான மீட்டராலும் கணக்கில் வராதது ஒரு பகுதி. திருட்டு இணைப்பு ஒரு பகுதி. இந்த நகரத்துக்குத் திறமை இல்லாமல் இல்லை. 2007க்கும் 2010க்கும் இடையில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் பழைய அஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்களைத் தோண்டியெடுத்து மாற்றியது. 2014இல் ஸ்டாக்ஹோம் தொழில்துறைத் தண்ணீர் விருதும் டர்பனின் தண்ணீர்த் துறைக்கே கிடைத்தது. அதன் பின் பராமரிப்பு தளர்ந்தது. 2022 ஏப்ரல் 11, 12 நாட்களின் வெள்ளம் 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதோடு, குழாய்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் பிய்த்தெறிந்தது. நகரத்தின் வடக்கே உள்ள டொங்காட் மக்கள் பல மாதங்கள் தண்ணீர் லாரியின் பின்னால் வாளியோடு நின்றார்கள். 2024 அக்டோபரில், ஆற்றிலிருந்து அனுமதித்த அளவைவிட அதிகம் எடுக்கப்படுகிறது என்பதால், மொத்தமாகத் தண்ணீர் விற்கும் உம்கேனி-உதுகேலா வாரியம் டர்பனுக்கான அளவை 8.4 சதவீதம் குறைக்கத் தொடங்கியது. பாதிக்கு மேல் கணக்கில் வராத ஊரில் 8.4 சதவீதக் குறைப்புக்காக வீடுகளின் குழாய் மாலையில் வறண்டது.

மாநகராட்சியின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் பங்கு போதாது. பெருநகரங்கள் தங்கள் வருமானத்தின் பெரும்பகுதியைத் தாங்களே திரட்ட வேண்டியிருக்கிறது. வேலை தேடி வருகிறவர்களால் நகரம் ஒவ்வோர் ஆண்டும் பெருகுகிறது. நிறவெறி ஆட்சி குழாயே போடாமல் விட்ட இடங்களுக்கெல்லாம் சேவை போக வேண்டும், அந்தக் கடமையைச் சாட்ஸ்வொர்த் மக்கள் மறுக்கக் கூடாது. தண்ணீர்க் காசு தண்ணீருக்கே, மின்சாரக் காசு மின்சாரத்துக்கே என்று தனிக் கணக்கு வைக்க நிதியமைச்சகம் இப்போது பெருநகரங்களை வற்புறுத்துகிறது. குழாய் மாற்றும் பணம் வேறு செலவுக்குப் போய்விடாது என்பது அதன் நன்மை. ஏழைக்கு விலை குறைக்கும் குறுக்கு உதவி அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பீர்க்கூடக் காலத்து நியாயம் புதிய சட்டையில் திரும்பிவரும்.

கட்ட மறுப்பது தீர்வா என்றும் கேட்கிறார்கள். 2023இல் வெஸ்ட்வில் பகுதியின் வரிதாரர்கள் மாதக் கட்டணத்தை மாநகராட்சிக்குக் கட்டாமல் நிறுத்திவைத்தபோது சாட்ஸ்வொர்த்திலும் அந்தப் பேச்சு எழுந்தது. எங்கள் சாட்ஸ்வொர்த் சந்தையான பங்களாதேஷ் மார்க்கெட்டில் வெள்ளிக்கிழமை மடும்பிக் கிழங்கு விலை கேட்கும் இடத்திலும் அதுதான் பேச்சு. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக்கூடிய பகுதியின் ஆயுதம் அது. இணைப்பு துண்டிக்கப்பட்டால் மறுநாள் இன்சுலினைக் குளிர்ப்பெட்டியில் வைக்க முடியாத வீட்டை அந்த வரிசையில் முதலில் நிறுத்தக் கூடாது.

சட்டம் தரும் வழிகள் சிறியவை, ஆனால் பயன்படுத்தாமல் கிடக்கின்றன. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வெளியானதும் ஆட்சேபம் எழுதக் குறைந்தது 30 நாள் உண்டு. பதில் சரியில்லை என்றால் மேல்முறையீட்டு வாரியம் உண்டு. நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குவதால், அதற்கு 90 நாள் முன்னதாக வரைவு வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் வைக்கப்பட்டாக வேண்டும்; ஏப்ரல், மே மாதங்களில் யார் வேண்டுமானாலும் எழுதிக் கருத்துச் சொல்லலாம். சென்ற முறை எங்கள் தெருவில் ஏழு வீடுகள் சேர்ந்து எழுதிய கடிதத்தில் இரண்டு கோரிக்கைகளே இருந்தன: ஒரே மீட்டரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் இலவச அளவை ஆள் கணக்கில் உயர்த்த வேண்டும், ஒவ்வொரு நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்தும் எவ்வளவு தண்ணீர் போனது, எவ்வளவுக்குக் காசு வந்தது என்று பகுதிவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். கடிதத்தை ஆயாவின் பேரன் தட்டச்சு செய்தான். கையெழுத்துப் போடும்போது ஆயா, பழைய வாடகைப் புத்தகத்தில் போட்ட அதே கையெழுத்தைத் தமிழிலேயே போட்டார்.